வீட்டு விண்டோஸ் கணினிக்குப் பாதுகாப்பு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கணினி தொடர்பாக உதவி செய்து வருகிறேன். அங்கு வரும் மடிக்கணினிகளில் பாதுகாப்பு வசதிகளுக்குக் குறைவில்லை; அவை இயக்கப்பட்ட வரிசைதான் தவறாக இருக்கும். நிர்வாகி கணக்கிலேயே அன்றாடம் புழங்கிக்கொண்டு, அதன் மேல் காசு கொடுத்து வாங்கிய நச்சுநிரல் தடுப்பானை (ஆன்டிவைரஸ்) ஏற்றியிருப்பார்கள். மீட்புச் சாவியை எங்கும் எழுதி வைக்காமல் வன்வட்டை மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்திருப்பார்கள். தீநிரல் (மால்வேர்) புகுந்த அதே கணினியின் முன் உட்கார்ந்து பதற்றத்தோடு வங்கி மறைச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை நல்ல செயல்களே; வரிசை பிசகியதால் பயனில்லாமல் போகின்றன, சில நேரம் தீங்காகவும் முடிகின்றன.

கீழே உள்ள படிகள் விண்டோஸ் 11 இயங்கும் வீட்டுக் கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கு சிங்கப்பூரில் விற்கப்படும் கணினிகளின் திரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், பட்டியல்களின் பெயர்களை நீங்கள் திரையில் வாசிக்கும் ஒலிப்பிலேயே கொடுத்திருக்கிறேன். முழு வேலைக்கும் ஒரு பிற்பகல் பிடிக்கும். அதில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே கழியும்.

1. தொடங்கும் முன் மேசை மேல் இருக்க வேண்டியவை

உங்கள் கோப்புகள் அனைத்தும் கொள்ளும் அளவுக்கு ஒரு வெளி வன்வட்டு, மின்னூட்டி, இணையத்தில் இருக்கும் இன்னொரு நம்பகமான சாதனம், ஒரு நோட்டுப்புத்தகம், பேனா ஆகியவை வேண்டும். இன்னொரு சாதனம் என்பது உங்கள் கைப்பேசியாகவே இருக்கலாம். கணினி திறக்க மறுத்து ஏதோ ஒரு சாவியைக் கேட்கும்போது, அந்தச் சாவியைத் தேடிப் பார்க்க வேறொரு திரை தேவைப்படும் என்பதே காரணம்.

நோட்டுப்புத்தகம் பழங்காலத்துப் பழக்கம் என்று இளையவர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் வீட்டு அலமாரியில் இருக்கும் காகிதத்தை இணையத்தின் வழியாக எந்தத் தீநிரலாலும் படிக்க முடியாது. திரைவிளிம்பில் ஒட்டி வைக்காமல் கடப்பிதழோடு சேர்த்து வைத்தால் போதும்.

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மறைச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதை இப்போதே சோதித்துவிடுங்கள். பல ஆண்டுகளாக பின் எண்ணை மட்டும் தட்டிப் பழகியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். கைப்பேசியின் உலாவியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

கணினியில் ஏற்கெனவே தீநிரல் இருக்கிறது என்ற ஐயம் இருந்தால் இந்த வரிசை உங்களுக்குப் பொருந்தாது. நேராக 9ஆம் பகுதிக்குச் செல்லுங்கள்.

2. முதல் வேலை: காப்பு நகல்

இனி வரும் படிகளில் கணக்குகளை மாற்றப்போகிறோம், இயங்குதளத்தைப் புதுப்பிக்கப்போகிறோம், வன்வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யப்போகிறோம். இவற்றில் ஏதேனும் ஒன்று பாதியில் முறிந்தால் உங்கள் கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் இருந்தாக வேண்டும். ஆகவே இதை இறுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு உறைகளையும் வெளி வன்வட்டுக்குப் படியெடுங்கள். நகல் எடுத்ததும் வன்வட்டை வேறொரு கணினியில் செருகி, ஏதேனும் ஐந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். நகல் எடுத்தவர்கள் பலர் அது திறக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தேவைப்படும் நாளில்தான் படங்கள் பாதியோடு நிற்பது தெரியவரும்.

பிறகு வன்வட்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். பிணைத்தொகை கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் வகைத் தீநிரல், தன்னால் எட்ட முடிந்த எல்லா இடத்திலும் இருக்கும் கோப்புகளையும் பூட்டும். செருகியபடியே கிடக்கும் வெளி வன்வட்டும் அதற்கு இன்னோர் உறைதான். மாதக்கணக்கில் செருகியே வைத்திருக்கும் நகலை நான் நகல் என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான (மேகம்) ஒன்டிரைவ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது கோப்புகளை ஒத்திசைக்கிறது. ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. கணினியில் ஒரு கோப்பு அழிந்தால் அந்த அழிப்பும் மேகத்துக்குப் போய்ச் சேரும். பழைய பதிப்புகளையும் குப்பைத்தொட்டியையும் கொண்டு ஓரளவு மீட்கலாம் என்றாலும், அதை இரண்டாவது நகலாகக் கொள்ளலாமே தவிர ஒரே நகலாகக் கொள்ளக் கூடாது. வசதி இருந்தால் இரண்டு வன்வட்டுகளை மாறி மாறிப் பயன்படுத்தி, ஒன்றை மகன் அல்லது மகள் வீட்டில் வைத்துவிடுங்கள்.

3. இயங்குதளம் இன்னும் ஆதரவில் இருக்கிறதா?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, அபவுட் யுவர் பிசி என்று தேடினால் உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று தெரியும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. சேராமல் இருந்தால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். அதன் மேல் எந்தத் தடுப்பானை ஏற்றினாலும் அது கதவு இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்கிய கதைதான்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். பிசி ஹெல்த் செக் என்னும் மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலி உங்கள் கணினி தகுதி பெறுகிறதா என்று சொல்லிவிடும். தகுதி பெறாத கணினியில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகச் சொல்லும் கோப்புகள் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையை ஊர்பேர் தெரியாதவர் எழுதிய நிரலோடு தொடங்குவதில் பொருளில்லை.

அடுத்து செட்டிங்ஸ் சென்று விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அது சொல்லும் வரை திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். ஒரு புதுப்பிப்பு ஏறிய பிறகே அடுத்தது தலைகாட்டும் என்பதால் ஒருமுறை பார்ப்பது போதாது. அதே பக்கத்தில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் உள்ளே, மற்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களுக்கும் புதுப்பிப்பு பெறும் விசையை இயக்குங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மடிக்கணினியின் மூடியை மூடுவது மறுதொடக்கம் ஆகாது. ஷட் டவுன் கொடுத்தாலும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினிகளில் இயங்குதளத்தின் கருப்பகுதி உறைநிலையில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே எழுப்பப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். புதுப்பிப்பு ஏறியும் மறுதொடக்கத்துக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்கும் கணினிகளை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்தத் தாமதம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு உலகெங்கும் பரவிய வான்னாக்ரை ரேன்சம்வேர் ஒன்றே போதும். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மே 12ஆம் தேதி அது பரவத் தொடங்கியபோது வீழ்ந்த கணினிகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு மாதங்களில் திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாதவை. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை. வலையமைப்பு வழியாகவே கணினி விட்டுக் கணினி தாவியது.

4. நிர்வாகி கணக்கையும் அன்றாடக் கணக்கையும் பிரித்தல்

ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது, எதைச் செய்வது என்று என்னிடம் கேட்டால், நகல் எடுத்தவருக்கு இதைத்தான் சொல்வேன். புதிய கணினியை முதன்முதலாக அமைக்கும்போது உருவாகும் கணக்குக்கு நிர்வாகி உரிமை இருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள் இயக்கும் நிரலும் அனுமதி பெற்றுவிட்டால் அதே உரிமையோடு இயங்கும்; ஓட்டுநிரல்களை (சாதனங்களை இயக்கும் டிரைவர்கள்) நிறுவலாம், எல்லாப் பயனாளர்களின் கோப்புகளையும் தொடலாம், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றலாம்.

நிர்வாகி கணக்கில் இருக்கும்போது, மாற்றம் செய்யலாமா என்று திரை மங்கலாகிக் கேட்கும் கேள்விக்கு யெஸ் என்று ஒரு சொடுக்குப் போதும். சாதாரணக் கணக்கில் இருக்கும்போது அதே கேள்வி நிர்வாகியின் மறைச்சொல்லைக் கேட்கும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பழக்கத்தில் யெஸ் தட்டும் விரல், மறைச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொன்னால் நின்று யோசிக்கும். நோட்டுப்புத்தகத்தை எடுக்க எழுந்து அலமாரிக்குப் போகும் அந்த அரை நிமிடத்தில், தான் எதையும் நிறுவச் சொல்லவில்லையே என்று பலருக்கு உறைத்திருக்கிறது.

இதைச் செய்யும் வரிசை முக்கியம். இருக்கும் கணக்கை முதலில் தரம் இறக்கக் கூடாது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று புதிய கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான மறைச்சொல் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். பிறகு சேஞ்ச் அக்கவுண்ட் டைப் மூலம் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். இப்போது உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கில் நுழைந்து, அது உண்மையில் வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகே, அந்தப் புதிய கணக்கிலிருந்தபடி உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் யூசர் ஆக மாற்றுங்கள்.

இந்த வரிசையில் செய்தால் உங்கள் கோப்புகள், உலாவி அமைப்புகள், திரைப்பின்னணி எல்லாம் பழைய கணக்கிலேயே அப்படியே இருக்கும். சிலர் எதிர்மாறாகச் செய்து, புதிய சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதற்குக் குடிபெயர முயல்வார்கள். இரண்டு நாள் கழித்து, பழைய படங்களைக் காணோம் என்று பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார்கள்.

ஒரு கணினியைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு கொடுங்கள். தாத்தாவின் வங்கி வேலையும் பேரனின் விளையாட்டும் ஒரே கணக்கில் நடந்தால், விளையாட்டுக்கென்று இறக்கிய ஒரு நிரல் தாத்தாவின் உலாவியில் சேமித்த எல்லாவற்றையும் படிக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கணக்கு இயங்குதளத்தைக் காக்கிறது. அந்தக் கணக்குக்குள் இருக்கும் உங்கள் சொந்தக் கோப்புகளைக் காப்பதில்லை. நீங்கள் திறக்கக்கூடிய கோப்பை, உங்கள் பெயரில் இயங்கும் தீநிரலும் திறக்கும். அதற்காகத்தான் 2ஆம் பகுதியின் நகலும், அடுத்து வரும் சில விசைகளும்.

பின் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். நான்கு அல்லது ஆறு இலக்க எண் மறைச்சொல்லைவிட பலவீனமானது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது அந்த ஒரு சாதனத்தில் மட்டுமே செல்லும். டிபிஎம் சில்லு உள்ள கணினியில், தொடர்ந்து தவறாகத் தட்டினால் அது பூட்டிக்கொள்ளும். அன்றாட நுழைவுக்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிறந்த ஆண்டை மட்டும் வைக்காதீர்கள்.

5. விண்டோஸ் செக்யூரிட்டியில் எந்த விசைகள் இயங்க வேண்டும்

புதுப்பிப்புகளுக்குப் பிறகு இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், பழைய ஓட்டுநிரல்கள் இருக்கும்போது சில விசைகள் இயங்க மறுக்கும் என்பதே.

முதலில், கணினி வாங்கும்போது இலவசச் சோதனைக் காலத்தோடு வந்த தடுப்பான் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு தடுப்பான் நிறுவப்பட்டிருந்தால் விண்டோஸோடு வரும் தடுப்பானான டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். கட்டணம் கட்டாமல் காலாவதியான தடுப்பான், புதிய தீநிரல்களின் அடையாளங்களைப் பெறாமல் பெயருக்கு உட்கார்ந்திருக்கும். ஒன்று அதைப் புதுப்பியுங்கள், அல்லது முழுவதுமாக நீக்கிவிடுங்கள். வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் முடிவு. இரண்டு தடுப்பான்களை ஒரே நேரத்தில் இயக்குவது ஒன்றைவிட மோசமானது, ஏனெனில் ஒன்று மற்றதன் வேலையைத் தடுத்துக் கணினியையும் மந்தமாக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டி செயலியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன் பகுதியில் மேனேஜ் செட்டிங்ஸ் திறந்து, ரியல்-டைம் புரொடெக்‌ஷன், கிளவுட்-டெலிவர்ட் புரொடெக்‌ஷன், டாம்பர் புரொடெக்‌ஷன் ஆகிய மூன்றும் இயங்குவதை உறுதிசெய்யுங்கள். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. கணினியில் நுழையும் தீநிரல் முதலில் செய்ய முயல்வது காவல்காரரை உறங்க வைப்பது. வேறொரு நிரல் பின்னணியிலிருந்து டிஃபெண்டரை அணைக்க முடியாதபடி இந்த விசை தடுக்கிறது.

அடுத்து டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் கோர் ஐசோலேஷன் உள்ளே மெமரி இன்டெக்ரிட்டி இருக்கும். இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள் எந்த நிரல்துண்டு நுழையலாம் என்று சரிபார்க்கும் வேலையை, இது தனியாகப் பிரித்த மெய்நிகர் இடத்தில் நடத்துகிறது. அதனால் கெட்ட ஓட்டுநிரல் அந்தச் சரிபார்ப்பைத் திருத்திவிட்டு உள்ளே நுழைய முடியாது. பொருந்தாத ஓட்டுநிரல் இருந்தால் அதன் பெயரைத் திரையே காட்டும். பெரும்பாலும் அது என்றோ தூக்கிப் போட்ட அச்சுப்பொறியுடையதாக இருக்கும். அந்தப் பழைய மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் உள்ளே இருக்கும் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்செஸ் இயல்பாக அணைந்தே இருக்கும். இதை இயக்கினால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் முதலிய உறைகளில் நம்பகமற்ற நிரல்கள் எழுத முடியாது. முதல் வாரத்தில் நீங்கள் பயன்படுத்தும் பழைய படத்தொகுப்பு மென்பொருள் ஒன்று கோப்பைச் சேமிக்க முடியாமல் திணறலாம்; உடனே விசையை அணைத்துவிடாமல், அந்த ஒரு நிரலை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். அவசரத்தில் அணைத்தவர்களில் மீண்டும் இயக்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

முடிவாக ஸ்கேன் ஆப்ஷன்ஸ் உள்ளே ஆஃப்லைன் ஸ்கேனை ஒருமுறை ஓட்டுங்கள். கணினி மறுதொடங்கி, விண்டோஸ் எழும் முன்பே சோதனை நடக்கும். ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் இயங்கும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் தீநிரலுக்கு அந்த நேரத்தில் மறைந்துகொள்ள இடமிருக்காது.

6. வன்வட்டை மறையாக்கம் செய்தல்

எம்ஆர்டி ரயிலில் மறந்துவைத்த மடிக்கணினியிலிருந்து வன்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகினால், உங்கள் நுழைவு மறைச்சொல் எதையும் தடுக்காது. மறையாக்கம் செய்திருந்தால் படிக்க முடியாது. இதன் பயன் அவ்வளவே. நீங்கள் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது தீநிரலுக்கு இது தடையாக இருக்காது.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று செல்லுங்கள். புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்று தேடுங்கள். புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தபோதே இது தானாக இயங்கத் தொடங்கியிருக்கலாம்; தனக்குத் தெரியாமலே மறையாக்கம் நடந்திருக்கிறது என்பதைப் பலர் இங்குதான் அறிகிறார்கள்.

இயக்கிய கையோடு, அடுத்த வேலையைத் தொடும் முன், கைப்பேசியை எடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்களின் பட்டியலில் இந்தக் கணினிக்கான ரிகவரி கீ என்னும் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அது 48 இலக்கங்கள் கொண்டது. அதையும் அதனோடு காட்டப்படும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளையும் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் எந்தச் சாவி எதற்கு என்பதை அந்த எட்டு எழுத்துகளே சொல்லும்.

இந்த இடத்தில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். என் சொந்தக் கணினியில் பிட்லாக்கரை இயக்கி, சாவியைக் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை அதே கணினியின் டாக்குமெண்ட்ஸ் உறையில் வைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து பயாஸை (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) புதுப்பித்தபோது, தொடக்க அமைப்பு மாறியதைக் கண்ட கணினி நீலத்திரையில் சாவியைக் கேட்டது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். வெளி வன்வட்டில் பழைய நகல் ஒன்றில் அந்தக் கோப்பு இருந்ததால் தப்பினேன். பயாஸைப் புதுப்பிக்கும் முன் மறையாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

7. எந்த விசையும் தடுக்க முடியாதது

இதுவரை செய்தவை எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் உள்ளே நுழைவதைத் தடுப்பவை. நீங்களே கதவைத் திறந்து அழைத்து வந்தால் இயங்குதளம் அதை உங்கள் விருப்பம் என்றே எடுத்துக்கொள்ளும். அண்மைக் காலத்தில் மன்றத்துக்கு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இப்படி வந்தவை.

முதல் வகை, நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்ப்பதாகக் காட்டிக்கொள்ளும் போலிப் பக்கம். படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குப் பதிலாக, விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் தட்டச் சொல்லும். பக்கத்தில் நீங்கள் சொடுக்கிய கணத்திலேயே ஒரு கட்டளை உங்கள் கணினியின் ஒட்டுப்பலகையில் (கிளிப்போர்டு) படியெடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் திறந்தது கட்டளை இயக்கும் பெட்டி. ஒட்டியது தீநிரலை இறக்கும் கட்டளை. என்டர் உங்கள் ஒப்புதல். மனிதர்தானா என்று உறுதிசெய்ய எந்த உண்மையான தளமும் உலாவிக்கு வெளியே எதையும் அழுத்தச் சொல்லாது. இந்த ஒரு விதியை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது வகை, பெரும் ஒலியோடு திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, உங்கள் கணினி பாதிக்கப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள் என்று மிரட்டும் பக்கம். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்தால் எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் போன்ற தொலையணுகல் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அந்த மென்பொருள்கள் தம்மளவில் நேர்மையானவை என்பதால் தடுப்பான் வாய் திறக்காது. எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதே பக்கம் திரும்ப வரும்.

மூன்றாவது வகை, பணம் கட்டாமல் மென்பொருளை இயக்கித் தரும் திருட்டுச் சாவிகளும் விளையாட்டு ஏமாற்று நிரல்களும். நிறுவும் முன் டிஃபெண்டரை அணைத்துவிடுங்கள் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், அது பொய் எச்சரிக்கை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பார்கள். அணைக்கச் சொல்வதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது என்று நான் பதில் சொல்வதுண்டு. அந்தப் பதில் எடுபடுவது மிகக் குறைவு. 4ஆம் பகுதியில் சொன்னபடி அவர்களுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்திருந்தால் அவர்களால் டிஃபெண்டரை அணைக்கவே முடியாது, வாதாட வேண்டியதும் இல்லை.

கூடவே ஒரு சிறு அமைப்பு: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்குங்கள். கோப்பின் பெயரில் உள்ள கடைசிப் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாக மறைக்கிறது. அதனால் பெயரின் நடுவில் பிடிஎஃப் என்றும் முடிவில் இஎக்ஸ்இ என்றும் உள்ள கோப்பு, வெறும் பிடிஎஃப் போலவே கண்ணுக்குத் தெரியும்.

8. உலாவியும் ரவுட்டரும்

உலாவியின் நீட்டிப்புகள் பக்கத்தைத் திறந்து, எதற்கு என்று தெரியாதவற்றை எல்லாம் நீக்குங்கள். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி பெற்ற நீட்டிப்பு, உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்கும். தளங்கள் அறிவிப்பு அனுப்பும் அனுமதியையும் பாருங்கள். திரை ஓரத்தில் வைரஸ் என்று தோன்றும் பல அறிவிப்புகள், என்றோ அலோ தட்டிய ஒரு தளத்திலிருந்து வருபவை.

ரவுட்டருக்குள் நுழைந்து நிர்வாக மறைச்சொல்லை மாற்றி, தானியங்கிப் புதுப்பிப்பை இயக்குங்கள். சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் 2021 முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முதல் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே தொடக்க மறைச்சொல் வைப்பது அந்த நிலையிலேயே விலக்கப்பட்டது. உங்களுடையது அதற்கு முன் வாங்கியதென்றால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

9. தீநிரல் புகுந்துவிட்டது என்று தெரிந்தால்

முதலில் வைஃபையை அணையுங்கள் அல்லது கம்பியைக் கழற்றுங்கள். தீநிரல் வெளியே தரவு அனுப்புவதும், தொலைவிலிருந்து ஒருவர் உங்கள் திரையை இயக்குவதும் அத்தோடு நிற்கும். திரையில் உள்ளதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.

இரண்டாவது, கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். கணக்கை நீங்களே உடனே முடக்கும் அவசர வசதி இங்குள்ள பெரிய வங்கிகளில் உண்டு; எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மோசடியா இல்லையா என்ற குழப்பத்தில் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மூன்றாவதுதான் மறைச்சொற்கள், அதுவும் பாதிக்கப்படாத சாதனத்திலிருந்து. பாதிக்கப்பட்ட கணினியில் புதிய மறைச்சொல்லைத் தட்டினால், அதையும் சேர்த்தே கொடுத்தவர்கள் ஆவோம். மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் மற்றக் கணக்குகளின் மறைச்சொல்லை மீட்கும் கடிதங்கள் அங்குதான் வரும். பிறகு அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ், வங்கி, மற்றவை. ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதையும் கொடுங்கள். தகவல் திருடும் தீநிரல்கள், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளக் குக்கிகளையும் உலாவியிலிருந்து அள்ளிச் செல்கின்றன. அவை செல்லுபடியாக இருக்கும் வரை திருடருக்கு மறைச்சொல்லும் தேவையில்லை, ஒருமுறைக் குறியீடும் தேவையில்லை.

ரேன்சம்வேர் என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டியும் கோப்புகள் திரும்பாமல் போகலாம். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்கவும் வேண்டாம்; கீழே சொல்லும் மறுநிறுவலுக்கு முன் அவற்றைத் தனி வன்வட்டில் எடுத்து வையுங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் கூட்டாளிகளும் 2016இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில், சில வகைகளுக்கான திறப்பு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இல்லாத திறப்பு பின்னர் வரக்கூடும்.

அடுத்து கணினியைச் சுத்தம் செய்வது. ஸ்கேன் செய்து, கண்டதை நீக்கி, அதோடு விட்டுவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. கண்டுபிடித்ததை நீக்கலாம், கண்டுபிடிக்காமல் விட்டதை எப்படி நீக்குவது? ஆகவே நான் முழு மறுநிறுவலையே செய்கிறேன். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றில் நிறுவல் கோப்பை உருவாக்கி, அதிலிருந்து தொடங்கி, வன்வட்டின் பழைய பிரிவுகளை (பார்ட்டிஷன்) எல்லாம் அழித்துவிட்டு நிறுவுங்கள். யுஎஸ்பியில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்று யுஎஸ்பியை எடுங்கள்.

நிறுவி முடிந்ததும் கோப்புகளை உடனே திரும்பக் கொண்டுவராதீர்கள். 3, 4, 5 ஆகிய பகுதிகளை இதே வரிசையில் முடித்த பிறகே வெளி வன்வட்டைச் செருகி, முதலில் அதை ஸ்கேன் செய்து, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுங்கள். பழைய நிறுவல் கோப்புகளை விட்டுவிட்டு, மென்பொருள்களை அவற்றின் தளங்களிலிருந்து புதிதாக இறக்குங்கள். இறுதியாக 6ஆம் பகுதி. புதிதாக மறையாக்கம் செய்யும்போது புதிய ரிகவரி கீ உருவாகும். நோட்டில் உள்ள பழைய 48 இலக்கங்களைக் கோடிட்டு அடித்துவிட்டு, அன்றைய தேதியோடு புதியதை எழுதுங்கள்.